முந்தி வந்த நிழல்

மரம் என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லாத சிப்பிமோட்டையில், பங்குனி வெயில் தகரக் கூரைகளை அப்பச் சட்டியாகக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஒரு பெரிய மரத்தின் நிழல் மட்டும் தனியாக வந்து வீதியில் விழுந்தது. மேலே பார்த்தால் வெறும் வானம், ஒரு காகம்கூட இல்லை. கீழே பார்த்தால் கொப்பும் கிளையும் கிளைக்குக் கிளை இலையுமாக ஒரு கறுப்பு, மிதிவெடி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஊர்ந்து வந்து, மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி, வீதியைத் தாண்டி, தவமலரின் தேத்தண்ணிக் கொட்டில் வாசல்வரைக்கும் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. அதை முதலில் கண்டவை தவமலரின் ஆடுகள். ஆடுகள் மேலே பார்க்கவில்லை. போய்ப் படுத்து அசைபோடத் தொடங்கின.

உப்புநீர்க் களப்பில் இருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த குலசிங்கம்தான் மேலே பார்த்த முதல் மனிதர்.

"உதென்ன தவமலர், ஆரின்ர மரம்?"

"மரம் எங்கயண்ணை இருக்கு? நிழல்தான் இருக்கு."

"மரமில்லாமல் நிழல் எப்பிடி?"

"வெயிலுக்க நிண்டு கேக்கிறியள். உள்ளுக்க வந்திருந்து கேளுங்கோவன்."

குலசிங்கம் வந்து இருந்தார். முதுகில் குளிர் பட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு எங்களுக்கு என்ன விசரா? சண்டை முடிந்து, முகாமில் வரிசையில் நின்று நின்று தேய்ந்து, ஒரு நாள் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் சொந்தக் காணியிலேயே எங்களை இறக்கிவிட்டபோது, பங்கருக்கு அறுத்த மரம் போக, செல் குண்டுக்குத் தலை கொடுத்தது போக, அடுப்புக்கு எரிந்தது போக, அந்த ஊரில் நிமிர்ந்து நின்றவை நாங்களும் மண்டையோட்டுப் பலகைகளும்தான். கிணறு உப்பாகியிருந்தது. மாரி வரவேண்டிய மாதத்தில் வரவில்லை, வரக்கூடாத மாதத்தில் வந்து நெல்லை அழுக வைத்துவிட்டுப் போனது. தகரத்துக்குக் கீழே பகலில் மனிதர் இருக்க ஏலாது, கோழிகூட முட்டையிட வேறு இடம் தேடியது. ஒரு குடும்பம் வவுனியாவுக்கு, ஒரு குடும்பம் மன்னாருக்கு என்று ஊர் சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு நிழல் வந்தால், மரம் எங்கே என்று விசாரிக்கிறவன் மடையன்.

தவமலரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிப்பிமோட்டைக்கு முதல் லொறியில் திரும்பி வந்தவள், ஒரு கேத்தலையும் இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் வைத்துக்கொண்டு வீதிக்கரையில் கடை போட்டவள், பேரம் பேசத் தொடங்கினால் குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்காரன் ஒரு வாளி கூட ஊற்றிவிட்டுத் தப்பினால் போதும் என்று ஓடுவான், அப்படியொரு வாய். அந்த வாய்க்கு மசியாத ஒரே ஆள் அவளுடைய மகள் நிரோசா. மருமகன் வவுனியாவில் மேசன் வேலை. நிரோசாவுக்கு வயிற்றில் தலைப்பிள்ளை.

"இந்தத் தகரத்துக்க நான் பிள்ளை பெறமாட்டன் அம்மா," என்று மாசியிலேயே சொல்லிவிட்டாள். "வைகாசி முடியப் போறன்."

"போனால் திரும்பி வருவியோ?"

"எதுக்கு வர? வேகிறதுக்கோ?"

மறுவிலை வைக்கத் தவமலரிடம் ஒன்றும் இருக்கவில்லை. நிழல் வந்த அன்றுதான் முதன்முதலாக அவள் கையில் ஏதோ ஒன்று கிடைத்தது. நிரோசாவைக் கூட்டிக்கொண்டு வந்து, நல்ல இடம் பார்த்துப் பாயை விரித்து, "இரு," என்றாள். நிரோசா படுத்தாள், பொழுது சாயும்வரைக்கும் எழும்பவில்லை.

நிழல் ஒவ்வொரு நாளும் வந்தது. காலையில் அது மிதிவெடி நிலத்துக்குள் தூரத் தெரிகிற பற்றைகளில் கிடக்கும், உச்சிவெயிலில் வேலிக்குள்ளேயே ஒரு வட்டமாகச் சுருங்கி நிற்கும், சூரியன் மேற்கே சரியச் சரிய வேலியால் ஒழுகி வெளியே வந்து எங்கள்மேல் படரும். அது வருகிற நேரத்துக்கு நாங்கள் பாயோடும் சுளகோடும் தையல் மெசினோடும் தயாராக நிற்போம், அது நகர நகர நாங்களும் நகர்வோம், ஒரு ஊரே இரண்டு மணித்தியாலத்தில் வீதியின் அந்தக் கரையில் இருந்து இந்தக் கரைக்கு அரக்கி அரக்கி வந்து சேரும். முகாமில் படித்த படிப்பு வீண்போகவில்லை, இரண்டாம் கிழமையே யாரோ மட்டையில் இலக்கம் வெட்டி ரோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கிளை தடித்த இடம் வயதானவர்களுக்கு, இலை செறிந்த இடம் கைக்குழந்தைகளுக்கு, விளிம்பில் பொட்டுப் பொட்டாக வெயில் விழுகிற இடம் கடுதாசிச் சீட்டு விளையாடுகிறவர்களுக்கு. அடிபிடி இல்லாமலில்லை. கொப்பு நிழலில் கால் நீட்டினதற்காகச் சம்பந்தம் பேசிவைத்த இரண்டு வீட்டார் கதைபேச்சை விட்டார்கள், பிறகு அதே கொப்புக்குக் கீழேயே தாலிக்கு நாளும் வைத்தார்கள்.

கிராம அதிகாரியான விதானையார் மோட்டச்சைக்கிளில் வந்தார், அளவு நாடாவைப் பிடிக்கச் சொன்னார், ஒரு நுனியில் இருந்து மறுநுனிக்கு அவர் நடந்து போவதற்குள் நிழல் நகர்ந்துவிட்டதால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

"இது எந்த நிறுவனம் தந்தது?" என்றார்.

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கக்கூசுக்கு ஒரு பலகை, கிணற்றுக்கு ஒரு பலகை, கோழிக்கூட்டுக்கு ஒரு பலகை, தந்தவர் பெயர் எழுதாமல் எங்களிடம் எதுவும் வந்ததில்லை. நிழலுக்குப் பலகை இல்லை என்று கேள்விப்பட்ட ஒரு உதவி நிறுவனம் அடுத்த கிழமையே வெள்ளை வாகனத்தில் வந்து, நிழலின் நடுவில் தன் பெயர்ப்பலகையை நட்டு, எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனது. அவர்கள் போய்ச் சேர முன்னம் நிழல் நகர்ந்துவிட்டது. பலகை தனியாக வெயிலில் நின்றது. அதன் பிறகும் தினமும் அது வெயிலில்தான் நின்றது, நிழல் அதைத் தாண்டிப் போகிற அந்தச் சின்ன நேரத்தைத் தவிர.

சித்திரையில் நிழலுக்குள் மனிதர்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் நிழல்கள் அல்ல, அவை எங்கள் காலடியில்தான் இருந்தன. இவை வேறு. ஒரு பெண் குடத்தோடு போனாள். இரண்டு பேர் நின்று கையை ஆட்டி ஏதோ விலை பேசினார்கள், யார் வென்றது என்று தெரியவில்லை. ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டது. ஆளில்லை, ஆளின் நிழல் மட்டும், எங்களுக்கு ஊடாக, எங்கள் மடியில் ஏறி இறங்கி, ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் போய் வந்தது. குழந்தைகள் அவற்றோடு ஓடிப்பிடித்து விளையாடின. நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தோம். பிறகு ஒரு நாள் தடித்த கொப்பில் இருந்து ஒரு ஊஞ்சல் தொங்கியது, அதில் ஒரு பிள்ளை இருந்து ஆடியது.

அன்றைக்குத்தான் ஊர் இரண்டுபட்டது.

"பாருங்கோ அந்தக் காதை," என்று குலசிங்கம் எழும்பியே விட்டார். "ரண்டும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது. எங்கட பரம்பரைக் காது! என்ர பேரன்தான்."

"உங்கட மகன் பிரான்சில. இன்னும் கலியாணமே கட்டேல்ல," என்றாள் தவமலர்.

"நிழல் முந்தி வரலாம், பேரன் முந்தி வரக்கூடாதோ?"

"உங்கட காதுக்கு ஊஞ்சல் தேவையில்லை அண்ணை, காத்தடிச்சால் தானாப் பறக்கும். அது காதில்லை, ரெட்டைக் குடும்பி. அது என்ர பேத்தி. நாடியை நிமித்திக்கொண்டு இருக்கிற திமிரைப் பாருங்கோ, அப்பிடியே என்ர நிரோசா."

பாயில் படுத்திருந்த நிரோசா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. என்ர பிள்ளை வவுனியாவில வளரும்."

ஊர் பாதி காதென்றது, பாதி குடும்பி என்றது. குலசிங்கத்தின் வானொலி அந்த நாட்களில் ஓயாமல் பயமுறுத்திக்கொண்டிருந்தது: கடல் ஏறுமாம், மழை வழி மறக்குமாம், இப்போதைய குழந்தைகளுக்குத் தலை நரைக்க முன்னம் இந்தக் கரையெல்லாம் மனிதர் இருக்க முடியாத வெக்கையாகுமாம். முன்பென்றால் அதைக் கேட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போம், ஏனென்றால் உலகம் முடிவதை ஒருதரம் கிட்ட நின்று பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள், அது முடியும் என்று யாராவது சொன்னால் மற்றவர்களைப் போலப் பொய்யென்று தள்ள எங்களுக்கு மனம் வராது. ஆனால் இப்போது வானொலி சொல்லச் சொல்ல எங்கள் கண்முன்னால் ஒரு பிள்ளை ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப இது என்ன, தண்ணிக்கடியிலயோ ஆடுது?" என்று தவமலர் கேட்டாள். "அண்ணை, உந்தப் பெட்டியிட்டச் சொல்லுங்கோ, இஞ்ச ஆக்கள் இருக்கினமெண்டு."

வைகாசி பிறந்தது, நிரோசா பையை எடுத்துவைப்பதாகத் தெரியவில்லை. பின்னேரங்களில் பாயை ஊஞ்சல் நிழலுக்குக் கொஞ்சம் கிட்டவாகப் போட்டாள். தவமலர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தேத்தண்ணி ஆற்றினாள். வாங்க வந்தவர் பொருளைத் தொட்டுப் பார்க்கிற நேரத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

வைகாசி நடுவில் நிழலில் ஓட்டை விழுந்தது.

முதலில் விளிம்பில், எலி கடித்த சாக்குப்போல. பிறகு நடுவில். இலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போயின, கொப்புகள் சாம்பல் நிறமாயின, நடந்து திரிந்தவர்கள் குறைந்தார்கள், ஊஞ்சல் கயிறு நூலாக இழைந்தது, பிள்ளை ஆடுவது புகை ஆடுவதுபோல இருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஒருவரையொருவர் திட்டினோம். வெற்றிலை துப்பினவன் யார், கால் கழுவினவள் யார், ரோக்கன் இல்லாமல் இருந்தவன் யார். பவுசரில் வந்த குடிதண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து நிழலுக்கு ஊற்றினோம், தண்ணீர் தாரில் ஓடிக் காய்ந்தது. பொங்கிப் படைத்தோம். பலகை நட்ட நிறுவனத்துக்கு ஆள் அனுப்பினோம், அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். விதானையார் மேலிடத்துக்கு அறிவிப்பதாகச் சொன்னார். நாங்கள் பாயை விரித்து, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் குந்தியிருந்து, யாராவது வந்து திருத்தித் தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிரோசா பையை எடுத்தாள்.

அன்றைக்குத் தவமலர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு வீதி நடுவில் நின்று கத்தினது களப்புக்கு அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும். "ஒரு பக்கம் மட்டும் தாற வியாபாரம் எங்கயாவது பாத்திருக்கிறியளோ? ரண்டு மாசமா இருந்திட்டம், படுத்திட்டம், கலியாணம் பேசிட்டம். மரத்துக்கு நாங்கள் என்ன குடுத்தனாங்கள்? உது தானா முளைக்குமோ? முகாமில தந்தமாதிரி ஆரும் கொண்டுவந்து நட்டுப்போட்டுப் போவினமெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியளோ? உந்த மரத்தை நடவேண்டிய ஆக்கள் நாங்கள்தான், மடைச் சனம்!"

யாரோ மெதுவாக, "நடுறதெண்டால் மரத்தின்ர அடி எங்க இருக்கு?" என்றார்.

அடுத்த நாள் உச்சிவெயிலில் ஊர் முழுக்க மிதிவெடி வேலிக்கரையில் நின்று பார்த்தோம். நிழல் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாகி, வேலிக்குள்ளே ஒரு கல்லெறி தூரத்தில், ஒரு கள்ளிப் பற்றைக்குப் பக்கத்தில் நின்றது. அங்கேதான் அடி. அங்கே போக வழியில்லை.

மிதிவெடி எடுக்கிற பிள்ளைகளில் வினோதினி பக்கத்து ஊர்க்காரி, வேலை முடிந்து தலைமூடியைக் கழற்றினதும் தவமலரிடம் தேத்தண்ணி குடிக்க வருகிறவள். நீலக் கவசத்துக்குள் பகல் முழுக்க முழங்காலில் நின்று மண்ணைக் கிள்ளுகிற வேலை. அவளிடம் தவமலர் பேச்சைத் தொடங்கினாள்.

"உந்த இடம் எப்ப வரும், பிள்ளை?"

"உது அடுத்த வருசம் அக்கா. இப்ப களப்புக்குப் போற பாதைதான் எடுக்கிறம். உங்கட ஊர்ச்சனம்தானே கையெழுத்து வைச்சுக் கேட்டவை."

கேட்டது உண்மை. முதல் கையெழுத்து குலசிங்கத்துடையது. களப்புக்கு நேர்வழி இல்லாமல் தினமும் வலையைச் சுமந்து சுற்றி நடக்கிறவர் அவர். தவமலர் வினோதினியின் வேலைத்தளப் பெரியவரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நிழலுக்காகப் பாதையைத் திருப்ப ஏலாது என்றார்.

"சேர், உங்கட பிள்ளைகள் இப்ப வேலைசெய்யிற இடத்தில மத்தியானத்தில ஒரு பொட்டு நிழலும் இல்லை. அடிப்பக்கம் போகப் போக உச்சிவெயிலில குளிர்மையாத்தானே இருக்கும்? போன கிழமை ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது எனக்குத் தெரியாதெண்டோ?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கேட்டது உங்கட ஊர். ஊர் ஒருவாய்ப்பட்டு மாத்திக் கேட்டால் பாப்பம். ஒரு ஆளெண்டாலும் மறுத்தால் ஏலாது."

மறுக்கப்போகிற ஒரு ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். குலசிங்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சாம்பல் நிழலில் ஊஞ்சல் அரையும் குறையுமாக ஆடிக்கொண்டிருந்தது, நிரோசா கட்டின பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏலாது," என்றார் குலசிங்கம், அவள் வாயைத் திறக்க முன்னமே. "என்ர முழங்கால் முடிஞ்சுது, தவமலர். எனக்குப் பாதை வேணும்."

"ஒரு வருசம் பொறுங்கோ."

"ஒரு வருசம் நான் இருப்பனோ?"

"ஒவ்வொரு நாளும் கேத்தலோட ஒரு தேத்தண்ணி களப்படிக்கே கொண்டுவாறன்."

"தேத்தண்ணி வீட்டிலயும் இருக்கு."

"வலையை என்ர மருமகன்ர சைக்கிளில ஏத்திவிடுறன்."

"மருமகன் வவுனியாவில. சைக்கிளுக்கு ரியூப் இல்லை. வேற கதை கதை."

எதிராளி எதற்கு மசிவான் என்பது தவமலருக்குத் தெரியும், அதை எடுத்துக் கொடுக்கக் கைதான் வரவில்லை. பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "சரி. அது காதுதான்."

"என்ன?"

"குடும்பி இல்லை. காது. ஊஞ்சலில இருக்கிறது உங்கட பேரன். இனி நான் உரிமை கேக்கமாட்டன். ஊரறியச் சொல்லுறன்."

குலசிங்கம் ஊசியை வலையில் குத்தி வைத்தார். ஊஞ்சலைப் பார்த்தார். கண் கலங்கினதை மறைக்க இருமினார். "காதெண்டு அப்பவே சொன்னனான்," என்றார். "கொண்டா, எங்க கையெழுத்து வைக்கவேணும்?"

ஆனால் பாயில் இருந்து நிரோசா எழும்பிவிட்டாள். முகம் சிவந்து, மூச்சு வாங்க, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி தாயின் முன்னால் வந்து நின்றாள்.

"என்ர பிள்ளையைக் குடுத்திட்டியள் என்ன?"

"நீதானே சொன்னாய், உன்ர பிள்ளை வவுனியாவில..."

"நான் சொல்லுவன். ஆயிரம் சொல்லுவன். நீங்கள் எப்பிடிக் குடுக்கலாம்? ஒவ்வொரு பின்னேரமும் அதைப் பாத்துக்கொண்டுதான் நான் இஞ்ச கிடந்தனான். அதுக்கு நான் பேரும் வைச்சனான்!"

என்ன பெயர் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நிரோசா அன்றிலிருந்து நிழலுக்கு வரவில்லை. தகரத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெந்தாள். தாயும் மகளும் கதைக்கவில்லை.

மிதிவெடிப் பாதை திரும்பியது. ஒரு ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் சிவப்புத் தடி, ஒரு நாளைக்கு ஒரு பாய் நீளம் முன்னேறினால் பெரிய காரியம். வினோதினி முன்னுக்கு இருந்தாள். நிழல் நாளுக்கு நாள் மெலிந்தது, அவள் நாளுக்கு நாள் கிட்டப்போனாள், நாங்கள் வேலியில் தொங்கிக்கொண்டு மரத்தின் சாதிக்காகச் சண்டைபிடித்தோம். புளி என்றார் குலசிங்கம், அவருக்கு மீன்குழம்பு ஞாபகம். வேம்பு என்றார்கள் சிலர். கொப்பு நுனிகளில் மட்டும் இலைகள் கொத்துக் கொத்தாகக் கூடி நிற்பதை மிஞ்சியிருந்த நிழலில் தவமலர் காட்டினாள், இலுப்பை என்றாள், அதற்கு மேல் யாரும் பேரம் பேசவில்லை. வினோதினி தன் ஊர்க் குளக்கட்டில் இருந்து முழ உயரத்தில் ஒரு கன்றைச் சட்டியோடு கொண்டுவந்து தந்தாள், நாலு இலை.

பாதை அடியைத் தொட்ட நாளில், கள்ளிப் பற்றைக்குப் பக்கத்தில், நிழல் வட்டத்தின் சரி நடுவில், ஒரு மிதிவெடி இருந்தது. விசில் ஊதி எங்களைத் தூரத்துக்குத் துரத்திவிட்டு அதை அந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். புகை அடங்கினதும் பார்த்தால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி.

"குழி வெட்டுற வேலை மிச்சம்," என்றாள் தவமலர்.

பெரியவர் சுற்றிவரப் பார்த்துச் சரியென்றதும் அவளே உள்ளே நடந்து போனாள். மண்ணை மாற்றி, கன்றை வைத்து, மிதித்து இறுக்கி, கேத்தல் தண்ணீரை ஊற்றினாள். அவள் நிமிர்ந்தபோது நிழல் போய்விட்டது.

மெலியவில்லை, மங்கவில்லை, விளக்கை அணைத்ததுபோலப் போய்விட்டது. கொப்பில்லை, ஊஞ்சலில்லை. வெள்ளை வெயில் நிலத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது, அந்த வெயிலில் இலுப்பைக் கன்றின் சொந்த நிழல் ஒரு உள்ளங்கை அளவுக்குக் கிடந்தது. அதில் ஒரு எறும்பு இளைப்பாறலாம்.

அன்றைக்கு ஊர் தவமலரைப் பேசின பேச்சை எழுதக் கூடாது. இருந்ததையும் கெடுத்தவள், ஓட்டை நிழலென்றாலும் நிழல்தானே, நாலு இலைக்காக ஒரு மரத்தை வித்தவள். குலசிங்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு, "என்ர பேரன் எங்க?" என்று கத்தினார். "பாதையும் போச்சு, பேரனும் போச்சு. என்னை ஏமாத்திப்போட்டாய்!"

"நட்டாச்சு அண்ணை," என்றாள் தவமலர். "இனி அது வரத்தான் வேணும். சுத்துவழியால வரும்."

கச்சான் காற்று தொடங்கியது. மேற்கில் இருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல வீசுகிற காற்று, மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். கன்றின் முதல் இலை ஓரம் கருகியது. தென்னோலைக் கிடுகு கட்டிப் பார்த்தோம், காற்று தூக்கிக்கொண்டுபோய் மிதிவெடி நிலத்தில் போட்டது, எடுக்க ஏலாது. தகரம் சாத்தினோம், அது சுட்டு இன்னொரு இலையைக் கருக்கியது. வேறு வழி தேட நேரமில்லாத அந்தப் பின்னேரத்தில் தவமலர் கடையை மூடிவிட்டு, பாதைக்குள் நடந்துபோய், கன்றுக்கு மேற்குப் பக்கமாக, காற்றுக்கும் வெயிலுக்கும் முதுகைக் கொடுத்து நின்றாள். அவள் நிழல் கன்றின்மேல் விழுந்தது. பொழுது சாயும்வரைக்கும் நின்றாள்.

அடுத்த நாளும் நின்றாள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று ஏசிக்கொண்டிருந்தோம், பிறகு ஏசுவதைக் குறைத்தோம், பிறகு பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் குலசிங்கம் வலையை வேலியில் எறிந்துவிட்டு, "வெளிய வா, விசரி, செத்துப்போவாய்," என்று பாதைக்குள் போனார். ஒரு ஆளுக்குத்தான் அங்கே இடம். அவள் வந்தாள், அவர் நின்றார். முழங்கால் முடிந்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வானொலியோடு நின்றார். "பேரனுக்காகத்தான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "உங்கள் ஒருத்தருக்காகவும் இல்லை." அதற்குப் பிறகு முறை வைக்கவேண்டியதாயிற்று, ஏனென்றால் ஆட்கள் கூடிவிட்டார்கள். விதானையாரும் ஒரு நாள் நின்றார், கச்சான் காற்று அவருடைய தொப்பியைக் கொண்டுபோனது. வினோதினி வேலை முடிந்ததும் கவசத்தைக் கழற்றாமலே நின்றாள், அவள் நிழல் சதுரமாக இருந்தது. நிழலில் இருந்த காலத்தில் எங்களுக்குள் இருந்த சண்டையில் பாதி வெயிலில் நின்றபோது இல்லை.

ஆனியில் ஒரு பின்னேரம் நிரோசா பையோடு வீதிக்கு வந்தாள். வவுனியா பஸ் வருகிற நேரம். தவமலரின் முறை அன்றைக்கு. மகள் வருவதைப் பாதைக்குள் நின்றபடி கண்டாள். அவள் அசைந்தால் வெயில் நேரே கன்றின்மேல் விழும், அன்றைக்குத்தான் கருகின இலைக்குப் பக்கத்தில் நகக்கண் அளவில் சிவப்பாக ஒரு துளிர் தலைகாட்டியிருந்தது.

"போட்டு வாறன்," என்றாள் நிரோசா, வேலிக்கு வெளியே நின்று. அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் தாயோடு பேசின முதல் வார்த்தை.

"ஓம் பிள்ளை. கவனமாப் போ." தவமலர் அசையவில்லை. "வாசலுக்கு வந்து வழியனுப்ப ஏலாமக் கிடக்கு. இதை விட்டிட்டு வந்தால் கருகிப்போம்."

நிரோசா தாயைப் பார்த்தாள், ஒல்லியான மனுசி, வேர்த்து ஒழுகி, முந்தானை காற்றில் அடிபட, இரண்டு கைகளையும் சிறகுபோல விரித்துக்கொண்டு நின்றாள். அப்படி விரித்தும் கன்றின் ஒரு பக்கம் வெயிலில்தான் இருந்தது. தூரத்தில் பஸ் ஹோர்ன் அடித்தது. நிரோசா பையை வேலிக்கரையில் வைத்தாள். சிவப்புத் தடிகளுக்கு நடுவால், பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து, பாரமாக நடந்து உள்ளே வந்தாள்.

"தள்ளுங்கோ அம்மா. உங்கட நிழல் பத்தாது."

"எட, பஸ் வருது பிள்ளை."

"தள்ளுங்கோ எண்டுறன்."

ஒரு ஆள் இடத்தில் தாயும் மகளும் உடம்போடு உடம்பு உரசி இடம் மாறினார்கள். நிரோசா மேற்குக்கு முதுகைக் கொடுத்து, பக்கவாட்டாகக் கொஞ்சம் திரும்பி நின்றாள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்த வயிற்றின் நிழல் கன்றின்மேல் விழுந்தது, இலைகளை மூடியது, துளிரை மூடியது, அதற்கு அப்பாலும் இரண்டு சாண் நிலத்தைக் குளிரவைத்துக்கொண்டு கிடந்தது. எங்களில் ஒருவருக்கும் அவ்வளவு பெரிய நிழல் இருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. "பிள்ளை!" என்று வேலிக்கு வெளியே இருந்து குலசிங்கம் கத்தினார். "பஸ் நிக்குது! ஏறேல்லையோ?"

"போகச் சொல்லுங்கோ மாமா," என்றாள் நிரோசா. "இஞ்ச என்ர முறை."

கொண்டக்டர் ஒருதரம் விசிலடித்தான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நிரோசா இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினாள். நிழல் இன்னும் கொஞ்சம் அகன்றது.